மலைநீதிப் பலகையை இறக்கப் போனவர் விடுத்த ஓலை

நலம் பெருகுக. குமுதையாற்றின் இரு கரைகளையும் ஒரு குடைக்கீழ் காப்பவரும், மேல்மலைக் கூற்றத்தாரைப் போரால் அன்றிப் பேச்சால் சேர்த்துக்கொண்ட மாவேள் குடியின் தோன்றலும், குமுத வளநாட்டின் மன்னருமாகிய இளங்கொற்ற மாவேளார் திருமுன்பு, அவருடைய பாட்டனார் காலம்தொட்டு இவ்வரசின் ஊழியத்தில் இருந்துவரும் கல்வி அமைச்சன் மும்முகப் பேரரையன், தாழைத்துறையிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீரின் ஏரிகள் நிறைக, களஞ்சியங்கள் குறையாதிருக்க, தேவரீர் தலையணையில் சாய்ந்தவுடன் உறக்கம் வருக. இந்தக் கடைசி வாழ்த்தை அதன் அருமை தெரிந்தே சொல்கிறேன். எனக்கு அது வாய்த்து நெடுநாளாயிற்று.

தேவரீர் எனக்கு இட்ட கட்டளையை முதலில் நினைவூட்டுகிறேன். தாழைத்துறைப் பெருங்கல்லூரியில் மலைநீதித் துறையை மூடுவதென்று ஏழாண்டுக்கு முன்பே முடிவாகியும் அது இன்னும் மூடப்படவில்லை. காரணம், அத்துறையின் கடைசி மாணவியான எயினி என்பவள் ஆண்டுதோறும் தேர்வில் தவறிக்கொண்டே இருக்கிறாள். ஆதலால் நானே நேரில் சென்று, அவளுக்குத் தேர்வு வைத்துத் தேற்றிவிட்டு, கடைசி மாணவர் தேறியதும் அத்துறையின் பலகையைப் பெருங்கூடத்துச் சுவரிலிருந்து இறக்கி, அறையைக் கணக்குத் துறைக்கு ஒப்படைத்து மீளவேண்டும். இதுவே கட்டளை. இவற்றுள் முதல் வேலையை முடித்துவிட்டேன். மற்றவை ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லவே இவ்வோலை நீள்கிறது. விசாரணை ஓலைகளில் குடிகளின் பேச்சை அவர்கள் பேசியபடியே எழுதவேண்டும் என்பது தேவரீரின் தந்தையார் வகுத்த விதி; ஆகவே கொச்சை கண்டு சினவாதிருக்க வேண்டுகிறேன்.

துறைகளை மூடுவது எனக்குப் புதிதன்று. யானை மருத்துவத்தை நான் மூடினேன். கீழைத்தீவு மொழியை மூடினேன். கோயில் கணியர்களுக்கான வகுப்பை இரண்டு முறை மூடினேன். நடுவில் யாரோ அதைத் திறந்திருந்தார்கள். இத்தனை மூடிய பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவே: எந்தத் துறையும் நாம் முத்திரை இடும் நாளில் மூடப்படுவதில்லை. முதலில் அந்தக் கூடத்து ஓடு உடைந்தால் மாற்ற மறக்கிறோம். ஓர் ஆசான் ஓய்வு பெற்றால் அடுத்த மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறோம். மழை வருகிறது, ஒழுகுகிறது, மாணவர் வேறு கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு நாம் அவை கூட்டி, இத்துறையை நாடுவோர் இல்லையே என்று வருந்துகிறோம். அந்த வருத்தத்தை நல்ல தமிழில் எழுதித் தருவது இத்தனை காலமாக என் வேலை.

மூடும் முறையும் தேவரீர் அறிந்ததே. புதிதாகச் சேர்பவர் தம் துறையின் பலகைக்கு முன் ஒரு விளக்கேற்றுவது கல்லூரி வழக்கம். மூட முடிவான துறைக்கு அன்றுமுதல் விளக்கேற்றும் உரிமை நிறுத்தப்படும். ஆனால் ஏற்கெனவே ஏற்றியவர்களை நடுவில் துரத்தக் கூடாது. அவர்கள் படித்துத் தேறும்வரை ஆசானும் அறையும் சோறும் உண்டு. கடைசி மாணவர் தேறும் நாளில் பலகையை இறக்கி அவர் கையிலேயே கொடுத்து அனுப்புவார்கள். யானை மருத்துவத்தின் பலகையை அதன் கடைசி மாணவன் தோளில் சுமந்துகொண்டு வாயிலைக் கடந்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நான் போய் இறங்கிய அன்று கல்லூரித் தலைவர் வில்லவராயர் வாயிலிலேயே காத்திருந்தார். அவரைக் கொடியவர் என்று தேவரீர் எண்ணவேண்டாம். கணக்குத் துறையில் இடம் போதாமல் மாணவர்கள் மாட்டுக் கொட்டிலின் ஓரம்வரை அமர்ந்து பெருக்கல் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூடம் வேண்டும் என்பதே அவர் கவலை.

"ஏழு வருஷமா ஒரே பொம்பளை, ஒரு பெரிய கூடம்," என்று அவர் நடந்துகொண்டே சொன்னார். "நான் கூட்டல் படிக்கிற பசங்களை மாட்டோட உட்கார வச்சிருக்கேன். மாடு இப்ப கழித்தல் வரைக்கும் வந்திருச்சு, ஐயா."

எயினி உண்மையாகவே மந்தமானவளா என்று கேட்டேன்.

"மந்தமா? அவளா?" அவர் நின்றுவிட்டார். "போன வருஷத் தேர்வுல, ஓடை தடம் மாறிப் போனா நடுவுல விட்ட நிலம் யாருக்குன்னு கேட்டோம். 'ஓடைக்கு'ங்கறா! சபையே சிரிக்குது. பொய்ச்சத்தியம் பண்ணினவனுக்கு என்ன தண்டனைன்னு கேட்டா, 'ஒரு வாரம் சோறு கிடையாது, மோர் மட்டும்'ங்கறா. இதையெல்லாம் உட்கார்ந்து யோசிச்சுத்தான் சொல்லணும் ஐயா, சும்மா வராது."

வாயிலருகே ஒரு மனிதர் பெரிய தேன்குடத்துடன் அமர்ந்திருந்தார். மேல்மலைக் கருங்கற்சாவடியைச் சேர்ந்த உடும்பன் என்று சொன்னார். தேர்வுக்காலம் தவறாமல் வந்துவிடுவாராம். தேர்வாளர்களுக்கு மலைத்தேன் கொடுத்து, எயினியை எப்படியாவது தேற்றிவிடும்படி கெஞ்சுவாராம். அவளுக்கு என்ன உறவு என்று கேட்டேன்.

"உறவெல்லாம் இல்ல சாமி," என்றார். "அந்தப் புள்ள நல்லாருக்கணும், தேறணும், அம்புட்டுத்தான்."

உறவில்லாத ஒருவர் ஒரு மாணவியின் தேர்ச்சிக்காக மூன்று நாள் வழி நடந்து வருவதை நான் என் ஊழியக் காலத்தில் கண்டதில்லை. விசாரித்தபோது காரணம் வெளிவந்தது. தேவரீர் இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். மற்றவை எல்லாம் இதைச் சுற்றியே நடந்தன.

மேல்மலைக் கூற்றத்தார் நம்முடன் சேர்ந்தபோது, தங்கள் வழக்குகளைத் தங்கள் மலைநீதிப்படியே தீர்க்கவேண்டும் என்று கேட்டார்கள். தேவரீரின் பாட்டனார் ஒப்பி, கருங்கற்சாவடிப் பாறையில் தம் வாக்கை வெட்டுவித்தார். தாழைத்துறையில் ஒரு மாணவராவது மலைநீதி பயிலும்வரை மேல்மலையில் அந்நீதியே செல்லும். பயில்வார் இல்லாத நாளில் நாட்டு நீதி செல்லும் என்பது அவ்வாக்கு. நாம் அறியாத நீதியை நாம் காக்க முடியாது என்று அவர் கருதியிருக்கவேண்டும். ஏழாண்டுக்கு முன் துறையை மூடும் முடிவை எழுதியவர்கள் கூடத்தின் நீள அகலம் எழுதினார்கள்; பாறையில் என்ன வெட்டியிருக்கிறது என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

உடும்பனின் அண்ணன் இறந்து மூன்று மழை ஆயிற்று. அண்ணனின் மனைவி வேம்பி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாள். மலைநீதியில் வீடு அதில் அடுப்பு மூட்டியவளுக்கு உரியது. நாட்டு நீதியிலோ கணவனுக்குப் பின் வீடு அவன் உடன்பிறந்தாருக்குப் போகும். எயினி தேறினால் மலைநீதி பயில்வார் இல்லை. பாறை வாக்கின்படி அன்றே நாட்டு நீதி மலையேறும். மறுநாளே வேம்பி தெருவில் நிற்பாள். அதனால்தான் உடும்பன் தேன் சுமக்கிறார். ஒருவரின் வெற்றிக்காக இவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொள்ளும் பகைவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதுமட்டுமன்று. கருங்கற்சாவடி நீதிமன்றில் நடுவர் இறந்து இரண்டு ஆண்டாக இருக்கை காலியாக இருக்கிறது. மலைநீதி படித்துத் தேறியவரே அதில் அமரலாம். இனித் தேறி மலைக்குப் போகக்கூடியவள் எயினி ஒருத்தி. அவள் தேறினால் தீர்ப்பளிக்க நடுவர் உண்டு, நீதி இல்லை. தேறாவிட்டால் நீதி உண்டு, நடுவர் இல்லை. வழக்குகள் சாவடித் திண்டில் அமர்ந்து நரைத்துக்கொண்டிருக்கின்றன.

இதன் பிறகு நான் ஆசான் பூதனாரைப் பார்க்கப் போனேன். பூதனாரும் நானும் இளமையில் இரண்டாண்டு அதே கூடத்தில் மலைநீதி படித்தவர்கள் என்பதைத் தேவரீர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பஞ்சத்தின்போது எழுத்தறிந்த இளைஞர்களை எல்லாம் தேவரீரின் பாட்டனார் களஞ்சியப் பணிக்கு அழைத்தார். நான் பாடத்தைப் பாதியில் விட்டுப் போனேன். பஞ்சம் தீர்ந்தது. வேறு வேலை வந்தது, அதன்மேல் இன்னொன்று வந்தது, பட்டங்கள் வந்தன. பூதனார் அங்கேயே இருந்து படித்துத் தேறி அங்கேயே ஆசானானார். என் பட்டங்களை அவர் மதிப்பதில்லை.

"வா கண்டா, வா," என்றார், கட்டிலிலிருந்து எழாமலே. "பல்லக்கு பலமா இருக்கு. முதுகு எப்படி இருக்கு?"

வலிக்கிறது என்றேன்.

"எனக்கும்தான். உனக்காவது சாய்ஞ்சுக்கப் பல்லக்கு இருக்கு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பொண்ணை எப்படியாவது தேத்தி விட்டுடு, கண்டா. ஆத்துக்கு அந்தாண்ட என் மக வீடு. அஞ்சு வருஷமா எனக்குன்னு ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கா. போகவிடமாட்டேங்கறா இவ. சட்டம் முழுக்க மனப்பாடம், என்னைவிட நல்லாச் சொல்லுவா. தேர்வு வந்தா வாயைத் திறந்து உளறுவா. நான் செத்தாத்தான் இந்தத் துறையில இருந்து எனக்கு விடுதலை போலிருக்கு."

பாறை வாக்கைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியுமே," என்றார் சலிப்புடன். "தெரியாமலா ஒண்ணும் பேசாம இருக்கேன்? அவ பக்கம் நியாயம் இருக்கு. என் முதுகு பக்கமும் நியாயம் இருக்கு." இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாலையில் எயினியைக் கூடத்தில் கண்டேன். சேர்ந்தபோது சிறு பெண்ணாக இருந்திருக்கவேண்டும். இப்போது நெற்றியோரம் ஒன்றிரண்டு நரை தெரிகிறது. கருங்கற்சாவடிக்காரி. ஒழுகும் ஓட்டுக்குக் கீழே பானை வைத்து, ஒழுகாத இடத்தில் இரண்டு பாய் விரித்திருந்தாள். ஒன்றில் தான் அமர்ந்து மற்றதைக் காலியாக விட்டிருந்தாள். அந்தப் பாய் யாருக்கு என்று கேட்டேன்.

"வழியில இருக்கிறவருக்கு," என்றாள்.

இறந்தவர்க்கு இடம் விட்டு வைக்கும் மலை வழக்கம் போலும் என்று எண்ணி மேலே கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்து, அரசரின் கட்டளையைச் சொன்னேன். அவள் எப்படி விடை சொன்னாலும் தேற்றிவிட எனக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

"செய்ங்கய்யா," என்றாள். "முத்திரை உங்க கையில இருக்கு. ஆனா ஒண்ணு. தேத்தினதுக்கு அப்புறம் நடுவர்னு என்னை மலைக்கு அனுப்புவீங்க. முதல் வழக்கா உடும்பன் மாமா வந்து நிப்பாரு. நாட்டு நீதிப்படி வேம்பி அக்காவை வெளிய போகச் சொல்லி நானே தீர்ப்புச் சொல்லணும். நான் சின்னப் புள்ளையா இருக்கையில அந்த அடுப்புலதான் அக்கா எனக்குக் கிழங்கு சுட்டுக் குடுக்கும். அந்த ஒரு தீர்ப்பை மட்டும் நீங்களே வந்து சொல்லிட்டுப் போயிருங்க. சொல்றப்ப அது முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

இத்தனை துறைகளை மூடியிருக்கிறேன். அவற்றுள் எதன் மறுபக்கத்திலும் ஓர் அடுப்பு இருப்பதாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

இப்படி ஒவ்வோர் ஆண்டும் தோற்று நிற்பது வருத்தமாக இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "முதல் வருஷம் அழுதேன். இப்ப நல்லாப் பழகிடுச்சு. என்ன உளறலாம்னு யோசிக்கிறதுதான் பாடு. போன வருஷ மோர் நல்லா இருந்துச்சுல்ல?"

மறுநாள் ஆண்டுப் பேரவை. கல்லூரியார் எல்லாரும் பெருங்கூடத்தில் கூடினார்கள். உடும்பன் தேன்குடத்துடன் முன்வரிசைக்கு வந்துவிட்டார். பலகையை இறக்க ஏணி ஒன்றை வில்லவராயர் முன்கூட்டியே சுவரில் சாய்த்து வைத்திருந்தார். தேர்வுக்கு முன் மாணவர் பெயர் அழைப்பது வழக்கம்; துறை துறையாக ஒருவர் நின்று அழைப்பார், அழைக்கப்பட்டவர் "இருக்கிறேன்" என்பார். கணக்குத் துறையில் இது நீண்டது. நான் கண்மூடி அமர்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் சற்றுத் தூங்கியும் போனேன்.

"மலைநீதித் துறை," என்று அழைப்பவர் சொன்னது காதில் விழுந்தது. "கருங்கற்சாவடி எயினி."

"இருக்கிறேன்."

"ஓடைக்குளத்துக் கண்டன்."

"வழியில் இருக்கிறார்," என்றாள் எயினி.

தேவரீர், ஓடைக்குளம் என் ஊர். கண்டன் என்பது என் தாய் தந்தையர் எனக்கு இட்ட பெயர். அந்தப் பெயரால் என்னை இன்று அழைப்பவர் பூதனார் ஒருவரே. அப்போதுதான் நான் மறந்தே போயிருந்த ஒரு வழக்கம் நினைவுக்கு வந்தது. தாழைத்துறையில் விளக்கேற்றிய ஒருவரின் பெயர் அவர் தேறினாலன்றி, இறந்தாலன்றி நீக்கப்படுவதில்லை. பாதியில் போனவர்களையும் ஆண்டுதோறும் அழைப்பார்கள். அத்துறையின் மற்ற மாணவர் அவருக்காக "வழியில் இருக்கிறார்" என்று விடை சொல்வார். நான் களஞ்சியத்தில் நெல் அளந்த நாளிலும், பட்டம் கட்டிக்கொண்ட நாளிலும், யானை மருத்துவத்தை மூடிய நாளிலும், முகம் தெரியாத யாரோ ஒருவர் இந்தக் கூடத்தில் எழுந்து நின்று எனக்காக அப்படிச் சொல்லியிருக்கிறார்.

துறையில் ஒரே மாணவி என்று நமக்கு எழுதியவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் விழும் இலைகளை எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் இவ்வழைப்பைக் காதால் கேட்டும், அது வெறும் சடங்கு என்று விட்டுவிட்டார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் விட்டிருப்பேன்.

நான் எழுந்தேன். முதுகு பிடித்துக்கொண்டதால் மெதுவாகத்தான் எழ முடிந்தது. அழைத்தவரைப் பார்த்து, "கடைசிப் பெயரை மறுபடி அழையும்," என்றேன். அவர் விழித்தபடி அழைத்தார்.

"இருக்கிறேன்," என்றேன்.

பேரவை சலசலத்தது. பூதனார் மட்டும் வாய்விட்டு, "போச்சுடா, என் கட்டில் போச்சு," என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அப்போது எனக்கு விளங்கியது. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "சொன்னா நான் எப்ப மக வீட்டுக்குப் போறது? அதுவுமில்லாம, பல்லக்குல வந்து இறங்குற ஆளு பாயில உட்காருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வில்லவராயர் முறையான மறுப்பு ஒன்றை எழுப்பினார். அதை மறைப்பது நேர்மையாகாது. அரச ஊழியத்தில் இருப்பவர் மாணவராக இருக்க முடியாது என்பது கல்லூரி விதி. ஆதலால் நான் அமைச்சனாக இருக்கும்வரை அந்தப் பெயர் வழியில்தான் இருக்கிறது, வந்து சேரவில்லை என்றார். சரியான மறுப்பு. அவ்விதியைத் திருத்தி எழுதியவனும் நானே. அவருக்கு நான் சொன்ன விடை இவ்வோலையின் இறுதியில் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன் அமைச்சனாக எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. எயினியை எழுந்து நிற்கச் சொல்லித் தேர்வைத் தொடங்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வந்து தாழ்ந்த குரலில், "நெசமாவே உட்காருவீங்களா ஐயா? நாளைக்கு அரண்மனையிலிருந்து ஆள் வந்தா எழுந்து போயிர மாட்டீங்களே?" என்று கேட்டாள்.

போகமாட்டேன், எழுந்திருப்பதே எனக்குக் கடினம் என்றேன்.

ஓடை தடம் மாறினால் நடுவே விட்ட நிலம் யாருக்கு என்று கேட்டேன். ஓடை எங்கு ஓடினாலும் பழைய படுகையே எல்லை. நிலம் முன்பு யாருடையதோ அவருடையதே என்றாள். பொய்ச்சத்தியம் செய்தவனுக்குத் தண்டனை கேட்டேன். அவன் சாட்சி அவ்வூரில் அதன்பின் எந்த வழக்கிலும் செல்லாது என்றாள். மோரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதாக, கணவன் இறந்த வீடு யாருக்கு என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் எந்த ஆண்டிலும் தவறான விடை சொன்னதில்லையாம்; வாய் திறக்காமல் நின்றுவிடுவாளாம். இப்போது அவள் முன்வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அடுப்பு மூட்டியவளுக்கே வீடு. அவள் உயிரோடு இருக்கும்வரை அவளைக் கேளாமல் அந்த வாசலில் எவரும் கால் வைக்கக் கூடாது. கணவனின் தம்பியும் கூடாது."

உடும்பன் தேன்குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "இத்தனை வருஷம் தேன் குடுத்துக் குடுத்து நானே படிக்க வச்சுட்டேனே!" என்று சொல்லிக்கொண்டு வெளியேறினார். குடத்தை அவர் விட்டுப் போகவில்லை.

இனி கட்டளைகள். தேவரீர் இவ்விசாரணைக்கென்று எனக்கு அளித்த முத்திரை அதிகாரத்தால் இவற்றை இடுகிறேன்.

கருங்கற்சாவடி எயினி மலைநீதியில் தேறினாள். அவள் மேல்மலை நடுவராக இன்றே புறப்படுக. வழிநெடுக உள்ள சாவடிகள் அவளுக்கு இடமும் காவலும் தருக.

மலைநீதித் துறையின் பலகை இருந்த இடத்திலேயே இருக்க. கடைசி மாணவர் தேறியதும் அதை இறக்குக என்பது தேவரீரின் கட்டளை. கடைசி மாணவர் இன்னும் தேறவில்லை. சாய்த்து வைத்த ஏணியைக் கொண்டு உடைந்த ஓடுகளை மாற்றுக.

கூடத்தின் கீழ்ப்பாதியைக் கணக்குத் துறை எடுத்துக்கொள்க. இரண்டு பாய்க்கு மேல்பாதி தாராளம்.

ஆசான் பூதனார் ஆற்றுக்கு அப்பால் தம் மகள் வீட்டில் இருந்தே பாடம் சொல்லலாம். ஓடம் ஏறிப் போய்க் கேட்பது மாணவன் பாடு. இதைச் சொன்னபோது அவர், "உனக்கு நான் பாடம் சொல்லவே வேணாம். நீ எப்படியும் தேறப்போறதில்ல," என்று ஆறுதல் சொன்னார். அவர் கணிப்பு தவறாது. நான் மந்தமான மாணவன்; அவசரமும் இல்லை.

ஆயினும் ஒன்றைத் தேவரீர் எண்ணிப் பார்க்கவேண்டும். தேர்வில் தவறிக்கொண்டே இருக்க என்னால் முடியும். சாகாமலே இருக்க முடியாது. ஒரு மலையின் நீதி இன்று ஒரு கிழவனின் மூச்சில் தொங்குகிறது, அந்த மூச்சும் படியேறினால் இளைக்கிறது. விளக்கேற்றும் உரிமையைத் திரும்பத் தருவது தேவரீர் ஒருவரால்தான் முடியும். எயினி இருக்கையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் மலையிலிருந்து படிக்க வருவார்கள் என்று நம்புகிறேன். வருகிறவர்கள் கையில் எண்ணெயும் திரியுமாக வாசலில் நிற்கையில், தேவரீரின் ஓலை அவர்களுக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருக்கட்டும். அதுவரை நான் பாயில் இருக்கிறேன்.

அமைச்சர் வேலைக்குத் தேவரீர் வேறொருவரைத் தேடிக்கொள்க. அவருக்கு ஒரு சொல்: துறை எதையாவது மூடச் சொன்னால், முதலில் போய்ப் பெயர் அழைப்பைக் கேட்கட்டும்.

இவ்வோலையின் அடியில் இட்டிருப்பதே என் கையால் இம்முத்திரை பதியும் கடைசித் தடவை. முத்திரை மோதிரத்தை நூலில் கோத்து ஓலையுடன் கட்டியிருக்கிறேன். வில்லவராயரின் மறுப்புக்கு அதுவே என் விடை. விரல் மெலிந்துவிட்டதால் கழற்றுவதில் சிரமம் இருக்கவில்லை.

குடை நிழல் நீள்க. ஆறு கரை மீறாதிருக்க. இக்கட்டளைகளைக் கண்டோரும் கேட்டோரும் காத்து நடத்துக.

இங்ஙனம்,
ஓடைக்குளத்துக் கண்டன்,
மாணவன், மலைநீதித் துறை,
இரண்டாம் ஆண்டு.